அழகாக வளர்ந்த உருண்டைகள்

1. மஞ்சள் பெஞ்சு

விழுப்புரத்தில் நாங்கள் போய்வந்த ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு மஞ்சள் பெஞ்சு உண்டு. என் வேலையின் கடைசி எட்டு வருஷத்தில் பாதிக் காலைகள் அந்தப் பெஞ்சில்தான் போயின. மீதி நேரமெல்லாம் திண்டிவனத்தில், பைபாஸ் பக்கம் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் கழுத்து குனிந்தபடி போயிற்று. கழுத்து இப்போது வலப்பக்கம் முழுசாகத் திரும்புவதில்லை. ஓய்வு பெறும்போது மாலை, சால்வையோடு எனக்குக் கிடைத்த பரிசு அதுதான்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள், "உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க மேடம்" என்று கேட்டார்கள். வெற்றிக் கதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மாநாட்டில் படம் போட்டுக் காட்டுவார்கள், கைதட்டலும் வாங்குவார்கள். நான் செய்த ஒரு தப்பை எழுதித் தருகிறேன். உங்களுக்கு அதுதான் உபயோகப்படும்.

முதல் நாள் அந்தப் பெஞ்சில் மடியில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று, பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம், செல் வளர்ப்பதில் இருபத்தைந்து வருஷப் பழக்கம். தரை துடைத்துக்கொண்டு வந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யம்மா, ஐஸ் விக்கிறவங்கல்லாம் வெளிய கேட்டாண்ட நில்லுங்க. உள்ள வரக்கூடாது."

"நான் சயின்டிஸ்டுங்க."

"யாரா இருந்தா இன்னா? பொட்டிய ஓரமா வைங்க. தண்ணி சொட்டிக்கினு இருக்குது பாருங்க. இப்பத்தான் தொடச்சேன்."

எழுந்து, கைக்குட்டையால் தரையைத் துடைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அன்றிலிருந்து அந்த அம்மா எனக்குச் சிநேகிதி. அவர் கணக்கில் நான் கடைசிவரைக்கும் ஐஸ் பெட்டிக்காரிதான்.

வேலை இதுதான். சர்ஜன் குடலில் இருந்து கட்டியை வெட்டி எடுப்பார். பரிசோதனைக்குப் போனது போக, மல்லாட்டைப் பருப்பு அளவுக்கு ஒரு துண்டு எங்களுக்குக் கிடைக்கும். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர். துண்டைக் குளிர்ந்த மீடியாவில், அதாவது செல்லுக்கான சத்து நீரில் போட்டு, ஐஸில் வைத்து, திண்டிவனம் கொண்டுவர வேண்டும். பொடிப்பொடியாக நறுக்கி, செல்களைப் பிரித்து, ஜெல்லில் கலந்து, தட்டில் சொட்டுச் சொட்டாக வைக்க வேண்டும். அந்த ஜெல் ஐஸில் தண்ணீராக இருக்கும், உடம்புச் சூட்டில் உறைந்துவிடும். கை மெதுவாக இருந்தால் பிப்பெட்டுக்குள்ளேயே உறைந்து மானத்தை வாங்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால், ஒரு வாரத்தில் செல்கள் சேர்ந்து குட்டி உருண்டைகளாகும். அந்த ஆளின் குடலில் கட்டி எப்படி இருந்ததோ ஏறக்குறைய அதே குணத்தோடு தட்டில் வாழும். ரிப்போர்ட்டில் ஆர்கனாய்டு என்று எழுதுவோம். லேபில் உருண்டை என்றுதான் சொல்வோம்.

துண்டு கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே பறப்பு. ஐஸ் கரைந்துவிடும், செல் செத்துவிடும் என்று ஜல்தி ஜல்தியாக ஓடுவேன். உண்மையில் அந்தப் பெட்டியில் ஐஸ் நாலு மணி நேரம் தாராளமாகத் தாங்கும், திண்டிவனம் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனாலும் ஓடுவேன். அந்தக் கெட்ட பழக்கத்துக்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

2. ஏழாவது வரி

ஆபரேஷனுக்கு முதல் நாள் நோயாளியைப் பார்த்து சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. அதில் ஏழாவது வரி: "இந்த ஆய்வின் முடிவு உங்கள் சிகிச்சையைத் தீர்மானிக்கப் பயன்படுத்தப்படாது." அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். முப்பது தடவையாவது படித்திருப்பேன். முப்பதாவது தடவையில் எந்த வரியும் காதில் விழாது. படிக்கிற ஆளுக்கும்தான்.

அஞ்சலையை அப்படித்தான் பார்த்தேன். பெருமுக்கல் பக்கத்து ஊர். நாற்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, வார்டு முழுக்கக் கேட்கிற குரல். வயலுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகிறவள். மல்லாட்டை பிடுங்கும் நாள் வந்தால் பன்னிரண்டு பெண்களைத் திரட்டி, எந்தக் கொல்லைக்கு எப்போது போவது என்று முடிவு செய்வது அவள்தான். குடலில் கட்டி அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கல்லீரலிலும் இரண்டு இடத்தில் புள்ளி. கட்டியை எடுத்துவிட்டுப் பிறகு மருந்து ஊசி ஏற்றுவதாக ஏற்பாடு.

படிவத்தைப் படித்து முடித்தேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எடுத்துக் கொட்டப் போறத தானே கேக்கறீங்க? அத எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுவீங்க, கொழம்பா வெப்பீங்க?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"தட்டுல வளர்ப்போம்மா. வளந்ததும் உங்களுக்குப் போடற அதே மருந்த அது மேல ஊத்திப் பாப்போம்."

"எனக்கு ஏத்தற மருந்து அதுக்குமா?"

"ஆமாம்மா."

"அப்ப சரி. என்ன இம்மாம் பாடு படுத்துச்சே, அதுவும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, எழுத்துக் கூட்டி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அவள் கணவர் ஏழுமலை கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். கல்குவாரியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அதிகம் பேசாத மனிதர்.

3. அழகு

தட்டில் பெயர் எழுதக் கூடாது. கட்டியிலிருந்து வந்த செல்லுக்கு 'டி', நல்ல திசுவிலிருந்து வந்ததற்கு 'என்', பிறகு நம்பர். அஞ்சலை முப்பத்தொன்றாவது ஆள். அவளுடைய தட்டு டி-31.

அந்த வருஷம் எங்களுக்கு நேரமே சரியில்லை. ஒன்றில் பூஞ்சணம் பிடித்தது. கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்காமல், நாலு பேருடைய தட்டு ஒரே மத்தியானத்தில் போயிற்று. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய ஜெல், வழியில் எங்கேயோ வெயிலில் கிடந்து பெட்டிக்குள்ளேயே உறைந்து வந்து சேர்ந்தது. வளர்ந்தது என்று காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. எங்கள் ஹெட் ராகவன் சார் வாரா வாரம் வந்து, "ஏதாவது உயிரோட இருக்கா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போவார். என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறாரோ என்று இருக்கும்.

டி-31 வளர்ந்தது. எட்டாம் நாள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. சோப்பு நுரைக் குமிழி மாதிரி, மெல்லிய சுவரோடு, வட்டம் வட்டமாக உருண்டைகள். நடுநடுவே வேறு சிலவும் இருந்தன. கறுப்பாக, கோணல்மாணலாக, கேப்பைக் களியில் கிண்டாமல் விட்ட கட்டி மாதிரி. அவை எண்ணிக்கையிலும் கம்மி, வளர்த்தியிலும் மந்தம்.

உருண்டைகள் நெருக்கமானதும் உடைத்துப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். பாஸேஜ் என்போம். ஒவ்வொரு பாஸேஜிலும் வேகமாக வளர்கிறது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மந்தமானது ஒதுங்கிவிடும். மூன்றாவது பாஸேஜில் தட்டு முழுக்கக் குமிழிகள்தான்.

என்னோடு வேலை பார்த்தவர் மேரி. டெக்னீஷியன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னைவிட நூறு மடங்கு பொறுமை. அவர் கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்காமலேயே சொன்னார்:

"மேடம், அந்தக் கறுப்பு உருண்டை ஒண்ணுகூடக் காணோமே."

"அதெல்லாம் மொதல்லேர்ந்தே செத்துக்கினுதானே இருந்துச்சு மேரி. போவட்டும் விடு."

"இது ரொம்ப அழகா இருக்குது மேடம். எனக்கு இன்னாமோ மனசுக்கு ஒப்பல. பட்டினி போட்டுப் பாத்துடலாமா?"

பட்டினிச் சோதனை என்பது எங்கள் தொழிலில் சாதாரண விஷயம். மீடியாவில் நாங்கள் சேர்க்கிற சத்துகளில் ஒன்றை மட்டும் நிறுத்திவிட வேண்டும். குடலின் நல்ல செல்லுக்கு அந்தச் சத்து வெளியிலிருந்து வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாலைந்து நாளில் செத்துவிடும். குடல் புற்றுச் செல் பெரும்பாலும் அதைச் சட்டை செய்யாமல் வளரும். எவன் உணவையும் எதிர்பார்க்காமல் வளர்வதுதானே அதன் நோயே. சர்ஜன் கட்டியின் விளிம்பில் வெட்டித் தந்தால் துண்டில் நல்ல குடலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், நல்லது முந்திக்கொண்டு வளர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். கற்றுக்கொடுக்கிறவளே நான்தான்.

ஆனால் அதற்குத் தனி மீடியா கலக்க வேண்டும். ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். மாத முடிவில் ரிப்போர்ட் போக வேண்டும். எனக்கு அலுப்பாக இருந்தது. ஒரு வருஷமாகச் செத்ததையே எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு, உயிரோடு இருக்கிற ஒன்றைச் சந்தேகப்பட மனசு வரவில்லை.

"அடுத்த ரவுண்டுல பாத்துக்கலாம் மேரி," என்றேன்.

அஞ்சலைக்கு ஏறிக்கொண்டிருந்த அதே மருந்துகளை டி-31 மேல் ஊற்றினோம். ஐந்தாம் நாள் பார்த்தால் குமிழிகள் எல்லாம் சுருங்கி, பொடிந்து, குப்பையாகக் கிடந்தன. ஒன்று மிச்சமில்லை. கிராஃபில் கோடு மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு இறங்கியது. ராகவன் சார் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார்.

"சூப்பர் மேடம். இதுதான் நமக்கு வேணும்."

4. பெஞ்சில் கேட்ட கேள்வி

இன்னொருவரின் துண்டை வாங்க விழுப்புரம் போயிருந்தேன். துண்டு கைக்கு வந்துவிட்டது. பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பும்போது, மஞ்சள் பெஞ்சில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். கையில் ஸ்கேன் கவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"மேடம், நாலு ஊசி ஆயிப்போச்சுங்க. ஸ்கேன்ல கூடவும் இல்ல, கொறயவும் இல்லன்றாரு டாக்டரு. தொடர்ந்து போட்டுக்கறதுன்னா போட்டுக்கலாம், கொஞ்ச நாளு நிறுத்திப் பாக்கறதுன்னா பாக்கலாம், நீங்களே யோசிச்சி சொல்லுங்கன்னுட்டாரு. நாங்க இன்னாத்த மேடம் யோசிக்கறது?"

"அவங்க இன்னா சொல்றாங்கண்ணே?"

"அவ வேணாம்னு ஒத்தக் கால்ல நிக்கறா. வாயெல்லாம் புண்ணு. பேதி நிக்கல. உள்ளங்கை தோலு உரியுது. பச்சத் தண்ணில கைய வெச்சா ஷாக் அடிக்குதாம். மல்லாட்டை புடுங்கற நாளு வேற வருது. இந்த வாட்டி அவ போகலன்னா அந்தப் பன்னெண்டு பேரையும் வேற ஒருத்தி இட்டுக்கினு போயிடுவா. அதுக்கப்பறம் இவள யாரும் கூப்பிட மாட்டாங்க. அதான் பேஜாரா இருக்குது அவளுக்கு."

பிறகு என் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவ கட்டி உங்க தட்டுல இருக்குதுன்னு சொன்னீங்களே. அது இன்னா சொல்லுதுங்க?"

ஏழாவது வரி என் வாயில் வந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். ஆனால் அதைச் சொன்னால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும். கையில் ஐஸ் பெட்டி கனத்தது. ஓட வேண்டும் என்ற பறப்பு. அதோடு, ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு வருஷம் கழித்து என்னிடம் ஒரு நல்ல செய்தி இருந்தது. அதை ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் போல ஆசையாக இருந்தது.

"மருந்து நல்லாக் கேக்குதுண்ணே. ஒண்ணு விடாம செத்துப் போச்சு. நிறுத்தாதீங்க."

அந்த மனிதர் முகம் தெளிந்தது. என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இது போதும் மேடம். நான் அவகிட்ட பேசிக்கிறேன்."

நான் படி இறங்கி ஓடினேன். வண்டியில் உட்கார்ந்ததும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

5. பட்டினி

இரண்டு மாதத்துக்குமேல் போயிருக்கும். அதே ஆஸ்பத்திரி. சர்ஜன் கையைக் கழுவிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்:

"அந்தப் பெருமுக்கல் லேடி, உங்க நம்பர் முப்பத்தொண்ணுதானே? இன்னும் மூணு ஊசி போட்டாங்க. மருந்து கேக்கவே இல்ல மேடம். லிவர்ல அஞ்சு எடத்துல வந்துடுச்சு. நிறுத்திடறேன்னாங்க நடுவுல, அப்பறம் என்னமோ புருஷன் புடிவாதமா கூட்டிக்கினு வந்தாரு."

புடிவாதம் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

திண்டிவனம் வந்ததும் மேரியிடம் சொன்னேன். "நான் அப்பவே சொன்னேன்" என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். பேசாமல் போய் அந்தத் தனி மீடியாவைக் கலக்க ஆரம்பித்தார்.

செல்களை உறைய வைத்துப் பாதுகாக்கும் நைட்ரஜன் டாங்கிலிருந்து டி-31 குழாய் ஒன்றை எடுத்து உருக்கி, வளர்த்து, பாதித் தட்டுக்கு முழுச் சாப்பாடு, பாதித் தட்டுக்குப் பட்டினி. நாலாம் நாள் பட்டினிப் பக்கத்தில் குமிழிகள் சுருங்கின. ஆறாம் நாள் ஒன்றுகூட இல்லை. முழுச் சாப்பாடு சாப்பிட்ட பக்கம் பளபளவென்று வட்டம் வட்டமாக இருந்தது.

நாங்கள் மாதக்கணக்கில் கொஞ்சி வளர்த்தது புற்று இல்லை. அஞ்சலையின் நல்ல குடல். புற்று, அந்தக் கேப்பைக் களிக் கட்டி மாதிரி இருந்த கறுப்பு உருண்டைகள். அவலட்சணமாக இருக்கிறதென்று நான் போகவிட்டது அதுதான்.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. எங்கள் பரிசோதனை பொய் சொல்லவில்லை. மருந்து ஊற்றினோம், நல்ல குடல் செத்தது. வாய்ப்புண், நிற்காத பேதி என்று ஏழுமலை பெஞ்சில் சொன்ன ஒவ்வொன்றும் அந்தத் தட்டில் அப்படியே நடந்துகொண்டிருந்தது. அவள் பட்ட வேதனையைத்தான் நான் கிராஃபாக வரைந்து, மருந்து வேலை செய்கிறது என்று பெயர் வைத்திருந்தேன்.

ராகவன் சார் சுவரில் இருந்த பிரிண்டைக் கழற்றினார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டிய இடங்கள் உண்டு.

"ரிப்போர்ட்ல திருத்தம் போட்டு அனுப்பிடலாம் மேடம். சர்ஜன் ஓரத்துல வெட்டிக் குடுத்துட்டாருன்னு ஒரு வரி எழுதிக்கலாம்."

"அவர் எப்பவும் ஓரத்துலதான் சார் வெட்டித் தருவார். பாத்துக்க வேண்டியது நம்ம வேல."

"சரி. பேஷன்ட் வீட்டுக்கெல்லாம் நீங்க போக வேணாம். நாம ஒண்ணும் எழுதிக் குடுக்கலியே? வாய்ல சொன்னதுதானே?"

"வாய்ல சொன்னதாலதான் சார் போவணும். எழுதியிருந்தா லெட்டர் போட்டிருக்கலாம்," என்றேன். ஆய்வு நெறிமுறைக் கமிட்டிக்கு நடந்ததை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "போய்ட்டு வாங்க" என்றார்.

6. பெருமுக்கல் போன நாள்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பஸ் ஏறி, பெருமுக்கல்லில் இறங்கி, மலை அடிவாரத்தைத் தாண்டி நடந்தேன். நல்ல வெயில். வழிநெடுக மல்லாட்டை பிடுங்கி முடித்த கொல்லைகள். காய் ஆய்ந்துவிட்ட கொடியை மாட்டுக்காகக் குவித்துப் போட்டிருந்தார்கள். அறுவடை முடிந்துவிட்டது என்பதைப் பார்த்துக்கொண்டேதான் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அஞ்சலை ஷீட் போட்ட வாசல் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தது. பாதி உடம்பாகியிருந்தாள். குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"வாங்க டாக்டரம்மா. இன்னொரு துண்டு வேணுமா? இன்னமே குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

ஏழுமலை எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, கதவோரம் நின்றார். வழியில் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. உள்ளதைச் சொன்னேன். தட்டில் வளர்ந்தது வேறு, நான் சரிபார்க்கவில்லை, பார்க்காமல் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், சொல்லவே கூடாததைச் சொன்னேன், தப்பு என்னுடையது.

அஞ்சலை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப தட்டுல செத்தது இன்னா?"

"உங்க நல்ல குடலும்மா."

"நல்லதா?"

"ஆமாம்மா."

"கட்டி?"

"அது எங்ககிட்ட வளரவே இல்லம்மா."

"எங்கிட்ட நல்லா வளந்துச்சே," என்றாள்.

ஏழுமலை அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"நீங்க சொன்னீங்களேன்னுதானே மேடம் அவகிட்ட கெஞ்சனேன்? வேணாம் வேணாம்னு அழுதா. கையப் புடிச்சி இழுத்துக்கினு போயி பஸ்ல ஏத்தனேன். தோலு உரிஞ்ச கைய. மூணு வாட்டி."

மன்னிப்புக் கேட்டேன். அந்த வார்த்தை அந்த வாசலில் ஒன்றுமில்லாமல் போயிற்று. எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஓடுவதற்கு அன்று கையில் ஐஸ் பெட்டி இல்லை.

அஞ்சலை கணவரைப் பார்த்து, "நீ இன்னாத்துக்கு அவங்கள கத்தற? நீயும்தான் நல்லதுக்குன்னு இழுத்துக்கினு போன," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. வேற ஊசி ஒண்ணு இருக்குதாம். டாக்டரு சொன்னாரு. போட்டுக்கட்டுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதா?"

"தெரியாது. சில பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காது. உங்களுக்கு எப்படின்னு முன்கூட்டியே சொல்ல எங்கிட்ட ஒரு வழியும் இல்ல. டாக்டருக்கும் உறுதியாத் தெரியாது. அவரையே இன்னொரு வாட்டி விவரமாக் கேளுங்க. நான் வேணா கூட வர்றேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இல்லை. களைப்பாகத்தான் சொன்னாள்.

"இதத்தானே அன்னிக்கும் கேட்டாரு? தெரியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் மல்லாட்டை புடுங்கப் போயிருப்பேன்."

எதிர்க் கொல்லையில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். நான் அழுதேன். ஐம்பத்தேழு வயதில், ஒரு நோயாளி வீட்டு வாசலில், மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அவள்தான் ஏழுமலையைப் பார்த்து எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். "பானத் தண்ணி வேணாம், எனக்குக் காச்சி வெச்சது இருக்குது பாரு, வெதுவெதுன்னு, அதக் குடு" என்றாள்.

கிளம்பும் முன் கேட்டாக வேண்டிய ஒன்று பாக்கி இருந்தது. டாங்கில் அவளுடைய செல் இன்னும் ஆறு குழாய் இருக்கிறது. கொட்டிவிடச் சொன்னால் கொட்டிவிடுகிறோம் என்றேன்.

"நல்லதுன்றீங்க. அத ஏன் கொட்டணும்? என்னுதுல அதான் நல்லா இருக்குது. வெச்சிக்கோங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி சொன்னாள். "ஆனா ஒண்ணு. புது மருந்து எது வந்தாலும் மொதல்ல அது மேல ஊத்திப் பாருங்க. எம்மாம் நோவும்னு பாத்து, ஊசி போட்டுக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. கட்டி சாவுமா சாவாதான்னு உங்களுக்குத் தெரியாது. நோவறதாவது தெரியுமில்ல?"

7. சிட்டை

அவள் அந்த வேறு ஊசியைப் போட்டுக்கொள்ளவில்லை. டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார், அவள் யோசித்து வேண்டாம் என்றாள். ஏழுமலை இந்தத் தடவை இழுக்கவில்லை. கைத் தோல் ஆறிற்று. அடுத்த மல்லாட்டைக்கு அந்தப் பெண்கள் அவளை ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்களாம். பிடுங்க முடியவில்லை. வரப்பில் உட்கார்ந்து, குவியலிலிருந்து ஒவ்வொரு செடியாக எடுத்துக் காய் ஆய்ந்துகொண்டே எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாளாம். ஏழுமலை போனில் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் போய்விட்டாள்.

சேதி வந்த அன்று மேரியும் நானும் அந்த ஆறு குழாய்களையும் வெளியே எடுத்தோம். டி-31 என்ற சிட்டைகளை உரித்துவிட்டு, என்-31 என்று என் கையால் எழுதி ஒட்டினேன். குளிரில் விரல் மரத்துப்போயிற்று. ஐந்து நிமிஷ வேலை. அதை ஒரு வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டும்.

இப்போது எங்கள் லேபில் யாருடைய கட்டியின் மேல் எந்த மருந்தை ஊற்றினாலும், பக்கத்தில் என்-31 தட்டு ஒன்று வைக்க வேண்டும். அதில் நல்ல குடல் எவ்வளவு சாகிறது என்று எழுத வேண்டும். அந்த விதி எங்கிருந்து வந்தது என்று புதுப் பிள்ளைகளான உங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டு முறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெருமுக்கல் பக்கத்து முறை அது.

பட்டினிச் சோதனையை விடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேரி விடமாட்டார். எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. ஏழாவது வரியை நோயாளிக்குப் படித்துக் காட்டிய பிறகு, வராந்தாவில் நின்று உங்களுக்கே ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள். அந்த மஞ்சள் பெஞ்சில் யாராவது ஒருவர் எழுந்து நின்று, "உங்க தட்டு இன்னா சொல்லுது?" என்று கேட்கத்தான் போகிறார்கள். தெரியாது என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஓடிவிடாதீர்கள், அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். ஐஸ் நாலு மணி நேரம் தாங்கும்.